நாலுக்குக் கீழே

1

நான் லண்டனில் என்ன வேலை பார்க்கிறேன் என்று பட்டுக்கோட்டையில் யாராவது கேட்டால், அக்கா "ஆஸ்பத்திரியில இருக்கான்" என்று மட்டும் சொல்வாள். பாதிப் பேர் என்னை டாக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் சீக்காளி என்று நினைத்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். இரண்டையும் அக்கா திருத்துவதில்லை. உண்மையைச் சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது என்பது அவள் கணிப்பு. அது சரிதான்.

உண்மையில் நான் என் வாயை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவன். இங்கிலீஷ் தெரியாத தமிழர்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது நடுவில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைப்பார்கள். இவர் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை இவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நோயாளி "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அந்த விதிப்படி, முறுக்கிய மீசையை வைத்துக்கொண்டு, எனக்கு மூன்று சிசேரியன் ஆகியிருக்கிறது என்று பல டாக்டர்களிடம் கண்ணிமைக்காமல் சொல்லியிருக்கிறேன். அவர்களும் கண்ணிமைக்காமல் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். நாகரிகமான நாடு.

தமிழ் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். முதல் வாரமே யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், "எனக்குச் சீனி வருத்தம்" என்றார். சீனியை நினைத்து வருத்தமாக இருக்கிறார் என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் பரிவோடு தலையாட்டி, மனநல ஆலோசகரைப் பார்க்க எழுதிக்கொடுத்தார். வருத்தம் என்றால் அவர்கள் ஊரில் நோய் என்று பிறகுதான் தெரிந்தது. பெரியவர் பெருந்தன்மையானவர். "சர்க்கரைக்கு மாத்திரை கேட்டன். ஒரு பிள்ளை கையைப் பிடிச்சு அழச் சொல்லுது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வேலையில் இன்னொரு விதி, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதை எழுத, கதையில் வரும் அம்மாவிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். "என் பேரையே போட்டா என்ன தம்பி, நான் என்ன திருட்டா பண்ணிட்டேன்?" என்று அவருக்கு வருத்தம். இது நம் ஊர் வருத்தம்.

2

ரமலான் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வேலை வந்தது. நோன்பு பிடிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு, எப்படிப் பத்திரமாகப் பிடிப்பது என்று சொல்லித்தரும் வகுப்பு. நல்ல எண்ணம். நேரம்தான் மதியம் பன்னிரண்டரை. உலகத்தில் உள்ள முஸ்லிம் ஆண்களெல்லாம் ஜும்மாவுக்குப் போகும் நேரத்தைத் தேடிப்பிடித்து வைத்திருந்தார்கள். வகுப்பில் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். ஆண்கள் ஏன் வருவதில்லை, கலாசாரத் தடை ஏதாவது உண்டா என்று வாசலில் இருந்த பெண் என்னைக் கேட்டார். கருத்துச் சொல்வது என் வேலையில் சேராது என்று சொல்லிவிட்டேன்.

சோமாலியப் பெண்கள் ஒரு மேசை, வங்காளிப் பெண்கள் ஒரு மேசை. அவரவர்க்கு ஒரு வாடகை வாய். எனக்குக் கிடைத்தது கடைசி மேசையில் தனியாக இருந்த ஜமீலா அம்மா. அறுபதைத் தாண்டியவர். தலையில் முக்காடு, காலில் மகள் வாங்கிக்கொடுத்த ஓட்டப்பந்தயக் காலணி. மகள் நஸ்ரின் வீட்டுக்கு விசிட் விசாவில் வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

"தம்பி எந்த ஊரு?"

நோயாளியோடு சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்பதும் விதி. "பட்டுக்கோட்டை பக்கங்கம்மா" என்றேன்.

"அட, நான் முத்துப்பேட்டை. பட்டுக்கோட்டையில யாரு வீடு?"

வகுப்பு தொடங்குவதற்குள் என் அப்பா தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர், அக்காவைப் பட்டுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறது, அக்கா புருஷன் பஸ் கண்டக்டர், எனக்கு ஒரே மகள், அவளுக்குத் தமிழ் எழுத வராது என்பது வரை வாங்கிவிட்டார். இந்த நாட்டுக் குடியுரிமைக்குக்கூட இவ்வளவு கேட்கவில்லை.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்தார். "இது முந்தியே வீட்டுக்கு அனுப்புனாங்க. பைக் ஓட்டுறவங்களுக்குப் போல. மருமவன் ஓட்டுவாரு, குடுக்கலாம்னு வச்சிருக்கேன்."

வாங்கிப் பார்த்தேன். 'ரமலானில் பாதுகாப்பான வேகம்' என்று தலைப்பு. கீழே, 'வேகமாக இருப்பதற்கு முன் மருத்துவரை அணுகவும். தேவைப்பட்டால் வேகத்தை உடைக்கத் தயங்காதீர்கள்.' நோன்புக்கும் வேகத்துக்கும் இங்கிலீஷில் ஒரே சொல். எந்த இயந்திரமோ தமிழில் எது பொருத்தம் என்று யோசித்து, வேகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. மேலே அரசு முத்திரை இருந்ததால் பிழை என்று சொல்லவும் தயக்கமாக இருந்தது.

3

வகுப்பு எடுத்தவர் ஹெலன் என்ற நர்ஸ். இவரைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். சோதனைக்கு விரலில் குத்தி ரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்று அந்த வட்டாரப் பள்ளிவாசல் இமாமிடமே கேட்டு எழுதி வாங்கி வந்திருந்தார். ஜமீலா அம்மா சாப்பிடும் மாத்திரைகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதில் ஒன்று வெறும் வயிற்றில் சர்க்கரையைக் கடகடவென்று இறக்கிவிடக்கூடியது. ஆகவே இவர் நோன்பு பிடிக்காமல் இருப்பதே நல்லது என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"சரிங்க" என்றார் ஜமீலா அம்மா.

நானும் இங்கிலீஷில் "சரி" என்றேன். ஹெலன் மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துச் சரிங்கவை எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். காவேரித் தண்ணீர் பாயும் ஊரில் நாற்று நட்டுப் பிழைத்தவளிடம் சோற்றைக் குறை என்றார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க" என்றாள். வெளியே வந்து முதல் வேலையாக ஓட்டலில் அளவுச் சாப்பாடு வாங்கி, இரண்டு தடவை சாதம் கேட்டாள். சரிங்க என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, பெரிய மனிதர், உங்களோடு நான் வாதாடப் போவதில்லை என்று அர்த்தம். பின்னால் அம்மாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குக் கையெழுத்துக் கேட்டபோதும் சரிங்க என்றுதான் சொன்னாள்.

ஹெலன் அனுபவசாலி. பேனாவை மூடிவிட்டு, "அப்படியானால் நோன்பு பிடிக்கமாட்டீர்கள், இல்லையா?" என்று மறுபடியும் கேட்டார்.

"அதெப்படிங்க நோன்பை விட முடியும்?"

இதையும் மாற்றிச் சொன்னேன். ஹெலன் கோபப்படவில்லை. பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டால் இப்படிப் பிடியுங்கள் என்று ஆரம்பித்தார். அந்த மாத்திரையில் பாதி போதும், அதையும் நோன்பு திறந்த பிறகு. விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டை முடிந்த அளவு தாமதமாகச் சாப்பிட வேண்டும். பகலில் சில தடவை விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். கை நடுங்கினாலோ, வியர்த்தாலோ, தலை கிறுகிறுத்தாலோ உடனே பார்க்க வேண்டும். நாலுக்குக் கீழே போனால் மணி என்ன என்று பார்க்காமல் நோன்பைத் திறந்துவிட வேண்டும். "எத்தனைக்குக் கீழே?" என்று திருப்பிக் கேட்டார். "நாலு" என்று விரலையே காட்டினார் ஜமீலா அம்மா. பாடம் பிரமாதமாக ஏறியிருந்தது.

பிறகு சாப்பாடு. ஹெலனிடம் சமோசா, பக்கோடா, ஜிலேபி எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. ஜமீலா அம்மா, "கஞ்சி குடிக்கலாமான்னு கேளுங்க" என்றார். கஞ்சிக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை பாரிட்ஜ், அதைச் சொன்னேன். ஹெலன் முகம் மலர்ந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றார். அவர் ஓட்ஸ் என்று நினைத்துவிட்டார். பண்பாட்டு விளக்கம் தேவைப்பட்டால் இரு தரப்புக்கும் சொல்லிவிட்டு விளக்கலாம் என்று ஒரு விதி இருப்பதால், நோன்புக் கஞ்சி என்பது பச்சரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கறி, மேலே தேங்காய்ப்பால் என்று விளக்கினேன். மலர்ந்த முகம் கூம்பியது. ஒரு கிண்ணம், மறுகிண்ணம் கிடையாது என்று தீர்ப்பானது.

ஜமீலா அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்னமோ சொல்லி என் கஞ்சியைக் குறைச்சுட்டீங்களே தம்பி."

அந்தக் கஞ்சி எனக்குத் தெரியாததா. சின்ன வயதில் ரமலான் மாதம் முழுக்கச் சாயங்காலமானால் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் நிற்போம். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் நிற்போம். மத நல்லிணக்கம் என்று இப்போது மேடையில் சொல்கிறார்கள். அப்போது அதற்குப் பசி என்று பெயர்.

4

வகுப்பு முடிந்து லிப்டுக்குக் காத்திருந்தோம். ஜமீலா அம்மா நிம்மதியாக இருந்தார். "நர்ஸம்மா பாவம், ரொம்பத்தான் பயப்படுறாங்க. முத்துப்பேட்டையில எந்தம்பி பாய்க்கடை வச்சிருக்கான்ல, அவன் வாங்கிக் குடுத்த மெஷின் இருக்கு. தெனமும் பாக்குறேன். நூத்துக்குக் கீழயே எனக்கு இறங்குனதில்ல. நாலுக்கு எங்க இறங்கப்போவுது?"

நான் விதிப்படி புன்னகைத்தேன். லிப்டு வந்தது.

பஸ்ஸில் மாடியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அக்காவிடமிருந்து செய்தி வந்திருந்தது. அவளுக்கும் சர்க்கரை. குடும்ப வாட்ஸாப்பில் மற்றவர்கள் பூப்படமும் காலை வணக்கமும் போடும்போது இவள் தன் எண்ணைப் போடுவாள். 'காலையில வெறும் வயித்துல 148. நீ சாப்புட்டியா?'

நூற்று நாற்பத்தெட்டு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

நம் ஊரில் சர்க்கரையை நூற்றுக்கணக்கில் சொல்கிறோம். இங்கே ஒற்றை எண்ணில் சொல்கிறார்கள். ரத்தம் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. மைலும் கிலோமீட்டரும் மாதிரி. இங்கத்து நாலு என்பது அங்கத்து எழுபத்திரண்டு. ஹெலனின் நாலு இங்கத்து நாலு. ஜமீலா அம்மாவின் மெஷின் முத்துப்பேட்டை மெஷின். அதில் அறுபது வந்தாலும் ஐம்பது வந்தாலும், நாலுக்குக் கீழே இல்லையே என்று அவர் நோன்பைத் தொடருவார். அந்த மெஷின் நாலைக் காட்டவே காட்டாது. காட்டுவதற்கு வெகு முன்பே அவர் மௌத்தாகியிருப்பார்.

நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, மாற்றவில்லை. நாலை நாலு என்றே சொல்லியிருந்தேன்.

5

நோன்பு மறுநாளா அதற்கு அடுத்த நாளா என்பதில் அந்த வட்டாரத்துப் பள்ளிவாசல்கள் இரண்டும் வழக்கம்போல் இரண்டு பிறை பார்த்துக்கொண்டிருந்தன. எப்படிப் பார்த்தாலும் திங்கள்கிழமைக்கு முன். கிளினிக்குக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ஊழியர்களுக்குப் பயிற்சி, திங்கள்கிழமை கூப்பிடவும் என்று பதிவுக் குரல் சொன்னது. விஷயத்தைப் பேசி, என் பெயரையும் சொல்லி வைத்தேன்.

அடுத்து எனக்கு வேலை கொடுக்கும் கம்பெனி. நீண்ட நேரம் பியானோ வாசித்துக் காட்டிவிட்டு ஒரு பையன் வந்தான். நோயாளியின் போன் நம்பரைத் தர முடியாது. அவனே கூப்பிட்டுச் சொல்லலாமா? அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நான் மொழிபெயர்ப்பாளர்தான் என்றேன். அந்த வேலைக்கு என்னை யாரும் முன்பதிவு செய்யவில்லை என்றான். கவலையைப் பதிவு செய்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் வரும். உங்கள் அக்கறைக்கு நன்றி.

எனக்குத் தெரிந்தது ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு பாய்க்கடை. அக்கா புருஷனைக் கூப்பிட்டேன். மாமா கண்டக்டராக இருப்பது பட்டுக்கோட்டையிலிருந்து முத்துப்பேட்டை போகும் பஸ்ஸில். சாயங்கால நடை. பின்னால் விசில் சத்தமும் பாட்டும் கேட்டன.

"மாமா, முத்துப்பேட்டையில அவசரமா ஒரு ஆளைப் புடிக்கணும். பாய்க்கடை வச்சிருக்காரு. பேரு தெரியாது."

"முத்துப்பேட்டையில பாய் கடைன்னா பாதி பஜாரு அதான்டா."

"அந்தப் பாய் இல்ல மாமா. விரிக்கிற பாய்."

"பாய் விக்கிற பாயா. அப்படிச் சொல்லு. என்ன விஷயம்?"

சொல்லியிருக்கக் கூடாது. நம்பரை மட்டும் வாங்கித் தாங்க என்றிருக்க வேண்டும். ஆனால் விஷயம் தெரியாமல் மாமா தன் அம்மாவுக்கே டிக்கெட் கிழிக்க மாட்டார். சுருக்கமாகச் சொன்னேன். லண்டனில் அவர் அக்கா, சுகர், நாலு, நோன்பு. மாமா போனைக் கீழே இறக்காமலேயே பஸ்ஸைப் பார்த்துப் பேசுவது எனக்குக் கேட்டது.

"ஏங்க, பாய் விக்கிற பாயி, அக்கா லண்டன்ல இருக்காங்களாம். யாருக்காச்சும் தெரியுமா? அந்தம்மாவுக்குச் சுகர் நாலுக்குக் கீழயாம்."

ஒரு பெண் குரல்: "ஜமீலா லாத்தாவா? அவங்க சம்பந்தி வீடு எங்க தெருதான். யா அல்லாஹ், நாலா?"

இன்னொரு குரல்: "நாலுன்னா ஆளு இருக்காதேப்பா."

நான் இங்கிருந்து "இல்ல மாமா, அப்படி இல்ல" என்று கத்தினேன். லண்டன் பஸ்ஸில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முத்துப்பேட்டை பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை.

ஐந்து வேலை நாள் தேவைப்படவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நான் எதிர்ப்பக்கம் போவதற்குள் பாய்க்கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். அழுதுகொண்டிருந்தார். "எங்கக்கா எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க? உசுரு இருக்கா? மறைக்காம சொல்லுங்க."

"அக்கா நல்லா இருக்காங்க. இப்பத்தான் லிப்டுல ஏறிப் போனாங்க. அந்த மெஷின் நீங்க வாங்கிக் குடுத்ததுதானே?"

"ஆமா. என்ன, மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நாலுன்னு இங்க சொல்றது நம்ம ஊருக்கு எழுபது. எழுபதுக்குக் கீழ காட்டுனா நோன்பைத் திறந்துடணும். அக்காகிட்ட இதை மட்டும் சொல்லுங்க. நாலு இல்ல, எழுபது."

அவர் அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். பின்னால் கூடியிருந்தவர்களிடமும் சொன்னார். "எழுபதாம்ப்பா." எழுபது, எழுபது என்று கடைத்தெருவே வாங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் நஸ்ரின் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டார். அவர் அழவில்லை. "நீங்க யாருங்க? எங்கம்மா சுகர் உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க மாமாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஊர்லேர்ந்து எட்டுப் பேரு போன் பண்ணிட்டாங்க." நியாயமான கேள்விகள். பதில் சொன்னேன்.

"வீட்டுக்கு வந்த ரமலான் பேப்பரை இங்கிலீஷ்ல நானும் படிச்சேன்" என்றார் பிறகு. "நாலுன்னுதான் இருந்துச்சு. இங்க வந்து பத்து வருசமாச்சு, எனக்கு அது சரியாத்தான் பட்டுச்சு. அம்மா மெஷினை நான் பாக்கவே இல்லீங்க."

6

திங்கள்கிழமை ஹெலன் என் குரல் பதிவைக் கேட்டுவிட்டு, இன்னொரு மொழிபெயர்ப்பாளரை முறைப்படி முன்பதிவு செய்து ஜமீலா அம்மாவைக் கூப்பிட்டார். "எழுபதுதானே, தெரியும், ஊர்லேர்ந்து சொல்லிட்டாங்க" என்று பதில் வந்ததாம். ஹெலன் அந்த வாரமே அறிக்கையில் இரண்டு எண்ணையும் போட வைத்தார். வெளிநாட்டு மெஷின் வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தார். தமிழ் அறிக்கையில் வேகம் அப்படியே இருக்கிறது. அது வேறு துறை.

கம்பெனி என்னை ரகசியக் காப்புப் புத்தாக்கப் பயிற்சிக்கு அனுப்பியது. ஹெலன் எனக்காக எழுதிய கடிதத்தால் வேலை தப்பியது. பயிற்சி கம்ப்யூட்டரில்தான். வீட்டில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தபோது பத்தாவது படிக்கும் என் மகள் பின்னால் வந்து நின்று படித்தாள். வீரச்செயல் என்று பாராட்டுவாள் என எதிர்பார்த்து முழுக்கதையையும் சொன்னேன்.

"அந்த ஆன்ட்டிகிட்ட கன்சென்ட் வாங்கினியா அப்பா?"

"வாங்கியிருந்தா இதெல்லாம் எதுக்கும்மா? அவங்க நம்பர்தானே என்கிட்ட இல்ல."

"சோ, ஒரு பஸ்ஸுக்கே சொல்லிட்டே."

"உயிர் முக்கியமா, ரகசியம் முக்கியமா?"

"ரெண்டும்" என்றாள், காதில் மாட்டியதைக் கழற்றாமலே. இவளுக்குத் தமிழ் வராது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேவைப்பட்ட இடத்தில் ஒரே வார்த்தையில் வருகிறது. பரீட்சையிலும் இதே கேள்வி இருந்தது. மேலாளரிடம் தெரிவிக்கவும் என்பது சரியான விடை. அதையே தேர்ந்தெடுத்து முழு மதிப்பெண் வாங்கினேன்.

முத்துப்பேட்டைக்கு இந்தப் பயிற்சி எதுவும் கிடையாது. ஜமீலா அம்மாவின் சர்க்கரை அங்கே பொதுச்சொத்தாகிவிட்டது. தம்பி தினமும் கடையிலிருந்து கூப்பிட்டு எவ்வளவு என்று கேட்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பரவாயில்லை, நேத்தைக்கு இன்னைக்குத் தேவலாம் என்பார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து கஞ்சி எத்தனை கிண்ணம் என்று விசாரிப்பார்கள். நஸ்ரின்தான் ஊருக்குச் சொல்லி, கண்டக்டர் மாமாவின் பஸ் வழியாக இதையெல்லாம் எனக்குச் சொல்லியனுப்பினார். முதலில் இருந்த கோபம் அவருக்குப் போயிருந்தது.

7

பாதி நோன்பு கடந்திருக்கும். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் இருந்தேன். தெரியாத நம்பர்.

"தம்பி, ஜமீலா பேசுறேன். நம்பரு கண்டக்டர் தம்பிதான் குடுத்தாரு." குரல் மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை நின்று வந்தது. "நஸ்ரின் வேலையில போனை எடுக்க மாட்டா. ஊர்ல இப்ப ராத்திரி, தம்பி பள்ளியில தராவீஹ் தொழுதுக்கிட்டிருப்பான். அதான் உங்களுக்கு."

"சொல்லுங்கம்மா. எவ்வளவு காட்டுது?"

"அறுபத்தி நாலு." கொஞ்சம் நிறுத்தினார். "நோன்பு திறக்க இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. படுத்துக்கிட்டேன்னா தாங்கிடுவேன். அதைக் கேக்கத்தான் பண்ணேன்."

அவர் என்னிடம் கேட்டது அனுமதி. அதைக் கொடுக்க நான் டாக்டரில்லை, பள்ளிவாசல் ஹஜ்ரத்தில்லை, அந்த மதத்துக்காரனுமில்லை.

"கை நடுங்குதா?"

"லேசா. வேர்க்குது. இங்க என்ன குளிரு, எனக்கு வேர்க்குது."

"வீட்டுல ஜூஸ் இருக்கா? இப்பவே குடிங்க."

"தம்பி, உங்களுக்கு இது தெரியாது. வயசுக்கு வந்ததுலேர்ந்து, விடச் சொன்ன நாளைத் தவிர, ஒரு நோன்பையும் பாதியில நான் விட்டதில்ல. நஸ்ரின் வாப்பா மௌத்தான அன்னிக்குக்கூட நோன்போடதான் இருந்தேன்."

"எனக்குத் தெரியாதுதாம்மா. நர்ஸம்மா சொன்னதை மட்டும் சொல்றேன். மணி பாக்காதீங்கன்னாங்க. எழுபதுக்குக் கீழ போனா திறந்துடணும்னாங்க. உங்க ஹஜ்ரத்தைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாரு. குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஒன்றும் பேசவில்லை. மயங்கிவிட்டாரோ என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் வீட்டு முகவரிகூட எனக்குத் தெரியாது. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். குளிர்பெட்டி திறக்கும் சத்தம். "பிஸ்மில்லாஹ்" என்றார். விழுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு அழுகை. அழுதுகொண்டே குடித்தார்.

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் குத்திப் பார்க்கச் சொல்லி ஹெலன் வகுப்பில் சொல்லியிருந்தார். அதுவரை அவரைப் பேச வைக்க வேண்டும். எனக்கு வேறு வாயே இல்லாமல், சொந்த வாயால், சொந்தப் பேச்சு பேசினேன். உளுந்து இந்த வருஷம் மழையில் அழுகிவிட்டது என்று அக்கா சொன்னதைச் சொன்னேன். முத்துப்பேட்டை காயலில் இப்போது மடவை மீன் கிடைக்குமா என்று கேட்டேன். "மடவைக்கு இது பருவமா? உங்க ஊருக்காரவுகளுக்கு என்ன தெரியும்" என்றார். குரலில் வார்த்தைகள் ஒட்டத் தொடங்கியிருந்தன. மடவையை எப்படிக் கழுவினால் சேற்று வாடை போகும் என்று அவராகவே விளக்கினார்.

மறுபடியும் குத்தினார். "தொண்ணூத்தி ஆறு."

நான் உட்கார்ந்தேன்.

"நஸ்ரின் வந்து கேப்பா. சொல்லித்தான் ஆவணும்" என்றார். "சின்னப் புள்ளையில அவ தெரியாமத் தண்ணி குடிச்சுட்டு வந்து நின்னப்ப அடிச்சிருக்கேன். இன்னிக்கு நான் அவகிட்டச் சொல்லணும்."

"அவங்க சந்தோஷப்படுவாங்கம்மா."

"படுவா. அதான் சங்கடமா இருக்கு."

பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டு, வியாபாரக் குடும்பத்துக் குரலில் கேட்டார்.

"ஒரு நோன்பு கடன் நிக்குது. அதை வேற நாள்ல புடிச்சு அடைக்கலாம். இங்க டிசம்பர்ல மூணேமுக்காலுக்கெல்லாம் பொழுது சாஞ்சு மஹ்ரிப் ஆயிடுதாமே, நெசமா?"

"ஏறக்குறைய ஆமாங்கம்மா. விடியறதும் தாமதம்தான். ஆனா நர்ஸம்மாவைக் கேக்காமப் புடிக்காதீங்க."

"கேட்டுக்கிட்டுத்தான். எந்த நாள்ல அடைச்சாலும் கடன் கடன்தான், அதுல ஒண்ணும் ஏமாத்து இல்ல. ஊருல புடிச்சா எப்பவும் அதே நீளப் பகலு. என் விசா ஆறு மாசம்தான் தம்பி. டிசம்பருக்கு மறுபடி வரணும்னா என்ன காரணம்னு விசா ஆபீசுல கேப்பாங்க, இங்கிலீஷ்ல சொல்லணும். அதுக்கு உங்களை வரச் சொல்லட்டுமா, இல்ல கண்டக்டர் தம்பிகிட்டச் சொன்னாப் போதுமா?"